இருபத்தெட்டாம் திகதி பிறந்த பாலன்

அன்புள்ள மகனுக்கு,

"அது யேசுட பிறந்த நாளே இல்ல எண்டு எனக்குச் சொல்லித் தந்தது நீங்கதானே அம்மா. அப்ப நீங்க ஏன் கொண்டாடுறீங்க?" முந்தாநாள் தொலைபேசியில் நீ இப்படிக் கேட்டாய். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். பிள்ளைகள் ஏதாவது கேட்டால், "தெரியாது, தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்ல நான் கூச்சப்பட்டதில்லை. இது தேடிப் பார்த்துச் சொல்லக்கூடிய கேள்வியாகத் தோன்றவில்லை. நீ கோபமாகக் கேட்டிருந்தால்கூட நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். நீ மிகவும் மெதுவாக, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலக் கேட்டாய். பிறகு, "இருபத்தாறு காலமை வாறன். இருபத்தஞ்சு மட்டும் கேட்காதிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அப்பாவின் இருதயம் இனித் தாங்காது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று வைத்தியர் சொல்லி இன்றைக்குப் பதினொரு நாள். இந்தப் பதினொரு நாளில் பத்து நாள் நீ வந்திருக்கிறாய். செட்டிபாளையத்தில் கடையைப் பூட்டிவிட்டு, மழையில் நனைந்து, கல்லடிப் பாலம் கடந்து வந்து அப்பாவின் கால்வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாய். ஊரில் எந்த மகனும் இதைவிட அதிகம் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. அப்பா இதுவரை கஞ்சி வேண்டும் என்றோ வைத்தியரை மாற்றவேண்டும் என்றோ ஒன்றும் கேட்கவில்லை. நத்தாருக்கு நீ வீட்டில் இருக்கவேண்டும் என்று மட்டும்தான் கேட்டார். வருடத்தில் நீ வராத ஒரே நாளைத்தான் அவர் கேட்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு நீ வேறு சபையில் சேர்ந்து முழுகி ஞானஸ்நானம் எடுத்தாய். அன்றிலிருந்து அந்த நாளில் நீ இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. வேதத்தில் இல்லாததை மனிதர் சேர்த்த நாள் அது என்கிறாய். அன்றைக்குக் கடையைத் திறந்துவைத்து, வழமை போலத் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறாய்.

இதை மற்றவர்களும் வாசிக்கக்கூடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதனால் உன் பெயரை எழுதவில்லை. இன்று இருபத்துநான்காம் திகதி, பகல் மூன்று மணி. அப்பா நித்திரை. உன் மாமி, அப்பாவின் அக்கா, முன் அறையில் நத்தார்க் குடிலுக்குச் சாக்கு விரித்து மலை செய்துகொண்டிருக்கிறா. நானும் அப்பாவும் மாறி மாறிச் செய்யவேண்டியதை இந்த முறை அவ தனியாகச் செய்கிறா.

நான் இந்த வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லி நீ கேட்டதில்லை. களுவாஞ்சிக்குடியில் அம்மன் கோயிலும் சடங்குமாக வளர்ந்து, பல்கலைக்கழகம் போய், கோயிலையும் சடங்கையும் குறிப்பெடுக்கக் கற்றுக்கொண்டு திரும்பியவள் நான். அப்பாவைக் கலியாணம் செய்வதற்காகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சுவாமியார் என்னிடம் நம்புகிறாயா என்று கேட்டபோது நம்புகிறேன் என்று சொன்னேன். அது பொய். சொல்லும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவின் காதை. பயத்தில் அது சிவந்து போயிருந்தது. அந்த வருடம் நத்தாருக்கு மாமி குடில் வைத்தபோது, சுவிசேஷத்தில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை, ஏசாயாவின் ஒரு வரியிலிருந்து எடுத்துப் பின்னால் சேர்த்தது என்று சொன்னேன். புது மருமகளாகச் சொல்லியிருக்கக் கூடாது. மாமி கையில் இருந்த மாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிச்ச மச்சாள் சொல்லுறா, நீ வெளிய நில்லு" என்று அதைக் குடிலுக்கு வெளியே வைத்தா. பிறகு அப்பா வந்து அதை உள்ளே எடுத்து வைத்தார். "மழை தூறுது" என்று மட்டும் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அந்த நேரத்தில் என்னுடைய அறிவால் ஒருவருக்கும் காயம் ஏற்படவில்லை.

உனக்கு ஒன்பது வயது நடந்த மாரி ஞாபகம் இருக்கிறதா? உன்னிச்சைக் குளம் நிரம்பி வான்கதவு திறந்த வருடம். அப்பாவுக்கு அங்கே குளத்துக் கட்டில் வேலை. இருபத்துநாலாம் திகதி பகல் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது, கதவை விட்டுவிட்டு வரவும் முடியாது என்று செய்தி மட்டும் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நத்தார் இரவில் பாலன் யேசுவின் சின்னச் சுரூபத்தைக் குடிலில் வைப்பது நீ, விளக்குப் பிடிப்பது அப்பா. அப்பா இல்லாமல் வைக்கமாட்டேன் என்று நீ பாலனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்தாய். ஊரெல்லாம் சீனவெடி. மாமி ஏசிப் பார்த்தா, கெஞ்சிப் பார்த்தா. பிள்ளை பிறக்காத குடில் துக்க வீடு மாதிரிக் கிடக்கிறது என்று அழுதா. அப்போதுதான் நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதன்முதலாக அதைச் சொன்னேன். யேசு எந்த நாள் பிறந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. வேதத்தில் திகதி இல்லை. முதல் இருநூறு, முந்நூறு வருடம் இப்படி ஒரு பண்டிகையே இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு சிலர் தை மாதம், ஜனவரி ஆறாம் திகதி வைத்தார்கள். ஆர்மீனியர்கள் இன்றைக்கும் அந்த நாளில்தான் கொண்டாடுகிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அதனால் பிந்தினால் பிழையில்லை என்றேன். நீ தலையை உயர்த்தி, "அப்ப அப்பா வாற நாள் பிறக்கட்டும்" என்றாய்.

அப்பா வந்தது இருபத்தெட்டாம் திகதி, காலை பத்து மணிக்கு. முழங்கால் வரை சேறு, காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம். வாசலில் நின்று, "இன்னும் பிறக்கலையா?" என்று கேட்டார். நீ ஓடிப்போய்ப் பையிலிருந்து பாலனை எடுத்தாய். பட்டப்பகலில், மழை கொட்டிக்கொண்டிருக்க, அவர் விளக்கைக் கொளுத்திப் பிடித்தார். கால் கழுவச் சொல்லி மாமி கத்துவது கேட்காமல் சேற்றோடு முழங்காலில் நின்றார். நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வந்தது என்று எழுதினால் இந்தக் கடிதத்துக்கு நல்லதாக இருக்கும், ஆனால் வரவில்லை. அந்த மூன்று பேரையும் விட்டு நான் எங்கேயும் போகமாட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

பார், உன்னுடைய கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது. அழுகிற பிள்ளையை ஆற்றுவதற்காகச் சொன்ன வரலாறு அது. அப்பா வரும் வரைக்கும் காத்திருக்கலாம் என்பதற்காகத்தான் அந்த நாள் பெரிதில்லை என்று சொன்னேன். அதே வாக்கியம் பதினைந்து வருடம் கழித்து, அப்பாவிடம் வராமல் இருப்பதற்குக் காரணமாக என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. நீ அதைத் திரித்துவிட்டாய் என்று நான் சொல்லமுடியாது. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொல்கிறாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியிலும் அது எனக்கும் உனக்கும் விளையாட்டாகிவிட்டது. நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாய். குடில் வைக்கத் தொடங்கியவர் எண்ணூறு வருடத்துக்கு முன்பு இத்தாலியில் ஒரு துறவி. அவர் வைத்தது உயிருள்ள மாட்டையும் கழுதையையும். நத்தார் தாத்தா துருக்கிக் கரையில் ஒரு ஆயராக இருந்து, ஒல்லாந்தர் வழியாக அமெரிக்கா போய், அங்கே தொப்பையும் சிவப்புச் சட்டையும் வாங்கிக்கொண்டு உலகம் சுற்ற வந்தவர். கரோல் என்பது முதலில் வட்டமாக நின்று ஆடிய ஆட்டம், கோயிற்காரர் அதைத் திட்டியிருக்கிறார்கள். நாங்கள் வெட்டிவந்து சோடிக்கும் சவுக்குக் கிளை ஜேர்மன் ஊர்களின் மரத்துக்குப் பதில் நிற்கிறது. வெடி சீனாவிலிருந்து வந்தது என்று அதன் பெயரே சொல்கிறது. சாப்பாட்டு மேசையில் இதெல்லாம் பேசுவோம். அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "நல்லம், நல்லம்" என்பார். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி வைக்கும்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். நான் அதை அறிவின் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டேன். அதில் பாதி, அப்பாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற வெளிச்சம். ஆசிரியைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

உனக்குப் பதினாலு வயதில் கோயில் மண்டபத்தில் நடந்ததை நீ மறந்திருக்கலாம். கரோல் மாலை. குடிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி அப்பாவைக் கேட்டிருந்தார்கள். வாழ்க்கையில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றறியாத மனிசன் மூன்று பின்னேரம் உட்கார்ந்து எழுதினார். என்னிடம் காட்டவில்லை. காட்டினால் திருத்துவேன் என்று பயந்திருப்பார். மூன்று இராசாக்கள் ஒட்டகத்தில் தூரதேசத்திலிருந்து குடிலுக்கு வந்தார்கள் என்று தொடங்கினார். வெள்ளம் வந்தால் உன்னிச்சையிலிருந்து வீட்டுக்கு வருவதே பெரிய பாடு, அவர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று சொல்ல, சனம் சிரித்துக் கேட்டது. அவருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்போது நீ முன்வரிசையில் எழுந்து நின்றாய். "அப்பா, வேதத்தில மூண்டு பேர் எண்டு இல்ல. இராசா எண்டும் இல்ல, ஒட்டகமும் இல்ல. அவங்க வந்தது வீட்டுக்கு, குடிலுக்கில்ல."

மண்டபம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். அப்பா தாளைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். "மகன் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும். தாய் படிப்பிக்கிறவ" என்று சொல்லித் தாளை நாலாக மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெருமையாக இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார். நான் பின்னால் உன்னிடம், பரிசு மூன்று என்று எழுதியிருப்பதால்தான் ஆட்களும் மூன்று பேர் ஆனார்கள் என்று விளக்கிக்கொண்டு வந்தேன். அவருக்குக் கேட்கிற தூரம்தான். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒருமுறையும் அவர் எழும்பவில்லை. நான் அன்றைக்கு உன்னைக் கையில் பிடித்து இருத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தாவது, நீ சொன்னது சரி, சொன்ன இடம் பிழை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

இன்னொரு பிழையும் இருக்கிறது. அது என் தொழிலில் செய்த பிழை. மார்கழி இருபத்தைந்து உரோமரின் சூரியதேவனுக்குரிய நாள், கோயிற்காரர் அதை எடுத்து யேசுவுக்குச் சூட்டினார்கள் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். உன் சபையிலும் இதையே சொல்வதாகச் சொன்னாய். அவ்வளவு உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது, மகன். சூரியனுக்கு அந்த நாள் என்று எழுதிய பழைய குறிப்பும், யேசுவுக்கு அந்த நாள் என்று எழுதிய பழைய குறிப்பும் உரோமில் நாலாம் நூற்றாண்டில் தொகுத்த ஒரே தொகுப்பில்தான் கிடைக்கின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அதிலிருந்து சொல்லமுடியாது. வேறு ஒரு கணக்கும் இருக்கிறது. யேசு இறந்தது பங்குனி இருபத்தைந்து என்று சிலர் நம்பினார்கள். பெரிய மனிதர் கருவான நாளும் இறந்த நாளும் ஒன்றாக இருக்கும் என்பது பழைய எண்ணம். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் மார்கழி இருபத்தைந்து வரும். அந்த எண்ணிக்கைப்படி பார்த்தால் பிறந்த நாளைக் கண்டுபிடித்தது சாவு நாளிலிருந்து. உனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போதே இதை வாசித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சூரியன் கதை உனக்குப் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. மரமும் அப்படித்தான். அஞ்ஞானிகள் வணங்கிய மரம் என்று நாங்கள் இருவரும் சொல்லிக்கொண்டோம். ஆனால் எழுத்தில் கிடைக்கிற மரம் ஐந்நூறு வருடத்துக்கு முன்னர்தான். ஆதாம் ஏவாள் நாடகத்துக்கு அப்பிள் கட்டி நிறுத்திய மரத்திலிருந்து அது வந்திருக்கலாம் என்கிறார்கள். அதுவும் உறுதியில்லை. என் மாணவர் ஒருவர் இப்படிப் பாதி ஆதாரத்தோடு விடை எழுதினால் நான் பாதிப் புள்ளிதான் போடுவேன். உனக்கு நான் முழு விடை என்று கொடுத்தேன், நீ அதன்மேல் வீடு கட்டிவிட்டாய்.

நத்தாரை மறுப்பதற்கும் நீண்ட வரலாறு இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பாராளுமன்றமே அந்தப் பண்டிகையைத் தடுத்து, அன்றைக்குக் கடைகளைத் திறந்துவைக்கச் சொன்னது. வேதத்தில் இல்லை என்பதுதான் அவர்களுடைய காரணமும். அமெரிக்காவில் குடியேறியவர்களின் சில ஊர்களில் கொண்டாடியவர்களுக்குத் தண்டம் போட்டார்கள். ஆகவே நாளைக்கு நீ கடையைத் திறந்துவைத்தால் அதுவும் நத்தாரின் பழைய வழக்கங்களில் ஒன்று என்று… பார், திரும்பவும் வெல்லப் பார்க்கிறேன். இந்த வரியை எழுதும்போது எனக்குள் அதே பழைய சந்தோசம் எழும்புகிறது. வெட்கமாக இருக்கிறது. அடித்துவிடலாம் என்று நினைத்தேன். உன் தாய் எப்படிப்பட்டவள் என்று தெரியட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

நேற்று நீ வரமாட்டாய் என்பதை அப்பாவிடம் சொன்னேன். வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கும்படி மாமி என் கையைக் கிள்ளினா. எனக்கு அது வராது. உள்ளதைச் சொன்னேன். மாமி பொறுக்காமல், "தகப்பன்ட உசிர் பெரிசா, இவன்ட சபை பெரிசா?" என்று தொடங்கினா. அப்பா மூச்சை எடுத்து எடுத்துச் சொன்னார்: "அவன ஏசாதங்க அக்கா. தாய்ட்டப் படிச்சத அவன் சரியாப் படிச்சிரிக்கான்." என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் நேற்றிலிருந்து என்னால் சாப்பிட முடியாமல் இருப்பதற்குக் காரணம்.

மாமி கார்த்திகைக் கடைசியிலேயே போத்தல் மூடிகளில் நெல் முளைக்கப் போட்டிருந்தா. பச்சைப் பசேலென்று குடிலைச் சுற்றி இப்போது நிற்கிறது. எங்கள் ஊர் அம்மன் சடங்கிலும் கும்பத்தடியில் இப்படித்தான் முளை வைப்பார்கள். இத்தாலியிலும் கோதுமை முளைக்க வைக்கிற ஊர்கள் இருக்கின்றன. இது யேசுவுக்கும் முந்தின வழக்கமாக இருக்கலாம் என்று கலியாணமான புதிதில் அப்பாவிடம் சொன்னேன். "இரிக்கும். ஆனா இந்த நெல்லு இந்த மாரிக்கு முளைச்சதுதானே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அதை அப்போது ஒரு பதிலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. படிக்காத மனிசன் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். இப்போதும் அது உன் கேள்விக்குப் பதில் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வழக்கத்தின் தொடக்கத்தைத் தெரிந்துகொண்டால் அந்த வழக்கத்தையே தெரிந்துகொண்டதாக நினைத்தேன் பார், அங்கேதான் எங்கேயோ பிசகிவிட்டது. என் தாய் தகப்பன் யார் என்று தெரிந்தால் மட்டும் என்னைத் தெரிந்துவிடுமா?

வைகாசியில் உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. அது வளர்ந்து ஏதாவது கேட்கும். உண்மையைத்தான் சொல். நான் இவ்வளவுக்குப் பிறகும் பொய் சொல்லச் சொல்லமாட்டேன். ஆனால் தெரியாததையும் தெரியாது என்று சேர்த்துச் சொல். நான் அதை விட்டுவிட்டேன். சொல்லும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார். அப்பாவின் பத்திரிகையை நான் ஒரு நாளாவது விலக்கிப் பார்த்திருந்தால் அவர் வாசித்துக்கொண்டிருக்கவில்லை என்பது தெரிந்திருக்கும்.

உன் நம்பிக்கையை விடச் சொல்லி இதை எழுதவில்லை. எனக்கு நம்பிக்கையே இல்லை, உன்னுடையதை வாங்கி நான் என்ன செய்ய? குடிலுக்கு முன்னால் நிற்கச் சொல்லவில்லை, கேக் சாப்பிடச் சொல்லவில்லை, வாழ்த்தும் சொல்லவேண்டாம். முன் அறைக்குள் வராமல் கிணற்றடிப் பக்கத்தால் வரலாம். அப்பா பின் அறையில்தான் இருக்கிறார். நாளைக்கு வியாழக்கிழமை. மற்ற வியாழக்கிழமைகளில் வருவதைப் போல வா. அவர் எதை நினைத்து உன்னைப் பார்ப்பார் என்பது அவருடைய விசயம். இருபத்தாறாம் திகதி வரையில் அவர் இருப்பார் என்று வைத்தியர் எனக்குச் சொல்லவில்லை. இதைப் படம்பிடித்து உன் தொலைபேசிக்கு இப்போதே அனுப்புகிறேன்.

அம்மா

*

இருபத்தைந்தாம் திகதி, பின்னேரம்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். இரவு முழுக்க அப்பாவுக்கு மூச்சு முட்டல். காலை ஏழு மணிக்குக் குளிசை கொடுத்த பிறகுதான் கண் மூடினார். மாமி பூசைக்குப் போய், அப்படியே சொந்தக்கார வீடுகளுக்கும் போய்விட்டா. பதினொரு மணிக்குக் கிணற்றடிப் பக்கத்தில் உன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கையில் கிறீஸ் கறை. "அப்பாவப் பார்க்க வந்தன்" என்றாய். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பரிசு கொண்டுவந்தது போல ஆகிவிடும் என்றோ என்னவோ, வழமையாகக் கொண்டுவரும் இளநீர்கூட இல்லாமல் வெறுங்கையோடு வந்திருந்தாய். அப்பா நித்திரை. எழுப்பவா என்று கேட்டேன். "வேணாம் அம்மா, இப்பதானே கண் மூடினவர்" என்றாய். பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தாய். உன் உதடு அசைந்தது. ஒரு மணிக்கு யாரோ பம்பு எடுக்க வருவதாகச் சொல்லி எழும்பினாய். "முழிச்சா, வந்தனான் எண்டு சொல்லுங்க" என்றாய். நான் தந்த தேத்தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டாய்.

அப்பா விழித்தபோது இரண்டரை. நீ வந்துபோனதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இருபத்தஞ்சு வருசத்தில இண்டைக்குத்தான் எனக்காக ஒரு பொய் சொல்லுற."

உண்மை என்றேன். இரண்டு மணித்தியாலம் இந்தக் கதிரையில் இருந்தான் என்றேன். அவர் கதிரையைப் பார்த்தார். காட்டுவதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. பார்த்தவர்களும் இல்லை. உன்னை அழைத்துக் கதைக்கத் தரவா என்று தொலைபேசியை எடுத்தேன். தலையை அசைத்தார்.

"அவனக் கரைச்சல் படுத்தாத. எப்பிடி வந்தான், அதச் சொல்லு."

நீல நிறச் சட்டை போட்டிருந்தான், கிணற்றடிப் பக்கத்தால் வந்தான், தலை நனைந்திருந்தது, கையில் கிறீஸ் இருந்தது, உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லி முடித்துவிட்டு அவர் காலில் போர்வையை இழுத்துவிட்டேன். கண்ணைத் திறக்காமலே, "இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன்.